க்யூஆர் கோடுக்கு முன்னால் சம்பளச் சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு ஸ்டாஃப் நர்ஸோ லேப் டெக்னீஷியனோ பெரிய நோயில் விழுந்தால், அட்மிஷன் போட்ட அன்றிரவே பண உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு சுற்றத் தொடங்கிவிடுகிறது. கூட வேலை பார்ப்பவர்களின் அந்தப் பதற்றத்தில் இருப்பது தூய அன்பு. ஆனால் முதல் இரண்டு நாள் அவசரத்தில் செய்யும் சில காரியங்கள், அந்த நர்ஸுக்குச் சட்டப்படி வர வேண்டிய பணத்தையே வராமல் செய்துவிடுகின்றன. வசூல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எதற்கு முன் எது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. ஊழியரின் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளம் என்றால் சீட்டில் ஈஎஸ்ஐ என்று 113 ரூபாய் பிடித்திருக்கும். இத்தனை ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பல நர்ஸுகளுக்குத் தங்கள் ஈஎஸ்ஐ எண்ணே தெரியாது. அந்த வரியைக் கண்டுகொண்டதும் இல்லை. பிடித்தம் இருந்தால் ஈஎஸ்ஐ மருந்தகம், அங்கிருந்து ஈஎஸ்ஐ மருத்துவமனை (சென்னையில் கே.கே. நகர், அயனாவரம் போல), அங்கு வசதி இல்லாத சிகிச்சைக்கு அவர்களே எழுதித் தரும் பரிந்துரை, பிறகு ஒப்பந்தத் தனியார் மருத்துவமனை. வழி இதுதான். பரிந்துரை இல்லாமல் நேராகத் தனியார் மருத்துவமனையில் அட்வான்ஸ் கட்டிச் சேர்த்துவிட்டு, பிறகு பில்லைத் தூக்கிக்கொண்டு ஈஎஸ்ஐ அலுவலகம் போனால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். உயிர் போகும் அவசரம் என்றால் எங்கு வேண்டுமானாலும் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் உடனே ஈஎஸ்ஐக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இதே சிக்கல்தான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க வேண்டிய, பணம் கட்டத் தேவையில்லாத திட்டம் அது. நாம் கட்டிவிட்ட பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் அல்ல. "முதலில் கட்டிடுவோம், கார்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விஏஓ மூலமான வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் கையில் இருந்தால் கார்டு எடுப்பது பெரிய வேலை இல்லை. ரேஷன் கார்டில் அந்த நர்ஸின் பெயர் பிறந்த வீட்டில் இருக்கிறதா, புகுந்த வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி விண்ணப்பங்கள் சிக்குவது அங்கேதான்.

அடுத்தது வேலை. நோய் வந்தவுடன் "ராஜினாமா எழுதிக் கொடுத்துடு, பி.எஃப். வாங்கிக்கலாம்" என்று நல்லெண்ணத்தில் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து சொல்லாதீர்கள். ஈஎஸ்ஐயில் நோய்க்கால உதவித்தொகை 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய், காசநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு போன்ற பட்டியலிட்ட நீண்டகால நோய்களுக்கு, தொடர்ந்து இரண்டு ஆண்டு சந்தா கட்டியிருந்தால், 80 சதவீதம். அது இரண்டு ஆண்டு வரை நீளக்கூடும். உதவித்தொகை பெறும் காலத்தில் ஊழியரை வேலையை விட்டு நீக்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பை நாமே தூக்கி எறிந்தது போலாகும். பி.எஃப். முன்பணத்தை வேலையில் இருந்தபடியே கேட்கலாம். ஆதாரில் உள்ள பெயரும் பி.எஃப். கணக்கில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் சரிபாருங்கள். இனிஷியல் ஒன்று மாறியிருந்தால்கூட வாரக்கணக்கில் இழுக்கும்.

சுகாதாரப் பணியாளருக்கு மட்டுமே உரிய ஒரு கேள்வியும் உண்டு: நோய் வார்டிலிருந்து வந்ததா? மருத்துவ, ஆய்வக வேலையில் தொற்றும் நோய்கள் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. அப்படி ஏற்கப்பட்டால் வேலை செய்ய முடியாத காலத்துக்கு ஈஎஸ்ஐ தருவது சம்பளத்தில் 90 சதவீதம். ஈஎஸ்ஐ வரம்புக்கு வெளியே உள்ளவர்கள் நிர்வாகத்திடம் இழப்பீடு கேட்கலாம். இதற்கு ஆதாரம் வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறித் தன் கையில் குத்திய அன்றே பதிவேட்டில் தேதி, நேரம், எந்த நோயாளி என்று எழுதி, அன்றே தன் ரத்தத்தையும் பரிசோதித்து வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்து ஹெபடைட்டிஸ் பி வந்தாலும் 'அன்று இவருக்கு இல்லை' என்று காட்ட முடியும். "டியூட்டி முடியட்டும், அப்புறம் எழுதிக்கலாம்" என்று விடப்பட்ட ஒரு வரி பின்னாளில் லட்சங்களுக்குச் சமம்.

இத்தனையும் பார்த்த பிறகும் பணம் பற்றாது. அப்போது வசூல் தேவை. சம்பளம் 21,000-ஐத் தாண்டி, தனியார் காப்பீடும் இல்லாத சீனியர் நர்ஸுக்கு முதல் நாளிலிருந்தே தேவை.

பணத்தை நேராக மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கு, குறிப்பில் ஐபி எண்ணை (உள்நோயாளி எண்) போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நோயாளியின் கணக்குக்கு வரவழைத்தால் இரண்டு சங்கடங்கள். ஆவணம் முழுதாகக் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால், ஆண்டுக்கு மொத்த வரவு 1 லட்சம், இருப்பு 50,000 ரூபாய் என்று வரம்பு உண்டு. வசூல் சூடுபிடிக்கும் நாளில் கணக்கு முடங்கிவிடும். இன்னொன்று, உறவினர் அல்லாதவர்கள் ஓராண்டில் கொடுத்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வருமான வரிக் கணக்கில் வருமானமாகச் சேரும். பதிவுபெற்ற அறக்கட்டளை வழியாக வந்தால் இந்தத் தொல்லை இல்லை. கையில் ரொக்கமாகச் சேர்ப்பதும் உதவாது: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க மருத்துவமனைக்கும் அனுமதி இல்லை.

அட்வான்ஸை மொத்தமாகக் கட்டாதீர்கள். இடைக்கால பில் வர வர, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கட்டுங்கள். மிச்சத்தொகை நோயாளியின் பெயரில்தான் திரும்பும். அவர் இறந்துவிட்டால் அதை வாங்க வாரிசுச் சான்றிதழ் வரை அலைய வேண்டியிருக்கும். துக்க வீட்டுக்கு அது கொடிய அலைச்சல்.

எல்லா வசூலும் ஆபரேஷனோடு நின்றுவிடுவதுதான் மிகப் பெரிய குறை. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்யும் காலம் வரை நிறுத்த முடியாது. அந்த மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் தொற்று நிறைந்த வார்டுக்கு உடனே திரும்பவும் முடியாது. சம்பளம் நிற்கும் நேரத்தில்தான் மாத்திரைச் செலவு தொடங்குகிறது. மாற்றுக்குக் காத்திருப்பவருக்கோ வாரம் மூன்று டயாலிசிஸ் என்றால் மாதம் 12, 13 முறை ஆட்டோ செலவு. டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தாலும் ஆட்டோ இலவசம் இல்லை. ஆகவே ஒரே தடவை பெருந்தொகை கேட்பதோடு, மாதம் 200 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 100 பேரைப் பிடியுங்கள். மாதம் 20,000 ரூபாய். ஒரு நர்ஸிங் காலேஜின் ஒரே பேட்ச் மாணவிகள் மனம் வைத்தால் முடிகிற காரியம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குழாய் செருகிய முகத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். காசநோய், ஹெபடைட்டிஸ் என்று நோயின் பெயரைப் போடும் முன் அவர் வாயாலேயே சம்மதம் கேளுங்கள். குணமாகித் திரும்பும்போது வேலைக்கு எடுக்கத் தயங்குவார்கள். ஆதார் நகலை எந்தக் குழுவிலும் பகிராதீர்கள்.

உங்கள் நாளிதழுக்கு எங்கள் வேண்டுகோள்: உதவி கோரும் அறிவிப்பை வெளியிடும்போது மருத்துவமனை லெட்டர்ஹெட்டில் கையெழுத்தும் முத்திரையும் உள்ள எஸ்டிமேட்டைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையில் தொலைபேசியில் ஒரு முறை விசாரியுங்கள். அறிவிப்பில் தேவைப்படும் தொகை, ஏற்கெனவே வந்தது, காப்பீடு தருவது, அறிவிப்பு முடியும் தேதி இவற்றை அச்சிடுங்கள். தேதி இல்லாத செய்தி, நோயாளி இறந்து இரண்டு ஆண்டு ஆன பிறகும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இடையில் யாரோ க்யூஆர் கோடை மாற்றியும் விடுகிறார்கள். தேதி முடிந்ததும் வந்தது இவ்வளவு, கட்டியது இவ்வளவு, மீதி இன்னாரிடம் என்று நான்கு வரி போட இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனை பில்லிங், காப்பீட்டுப் பிரிவு ஊழியர்கள் சிலர்,
திருச்சி