கினிப்பன்றி வாங்கும் முன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிள்ளைகள் வீட்டில் கினிப்பன்றி (எலி, அணில் போலக் கொறிக்கும் ஒரு சிறு பிராணி) வேண்டும் என்று அடம்பிடிப்பதாக உங்களில் சிலர் என்னிடம் சொன்னீர்கள். வாங்கித் தரலாமா, வேண்டாமா என்று நேரடியாகவே கேட்டவர்களும் உண்டு. வகுப்பறையில் ஒரு ஜோடியை வளர்க்கலாமே என்ற யோசனையும் வந்தது. ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கினிப்பன்றி அருமையான செல்லப்பிராணி. ஆனால் அதைப் பிள்ளைக்கென்று வாங்கித் தராதீர்கள். நீங்களே ஆசைப்பட்டு, உங்கள் பொறுப்பில் வளர்த்து, அதில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். அது 5 முதல் 8 ஆண்டுகள் உயிர் வாழும். இன்று பத்து வயதில் கேட்கிற பிள்ளை, அந்தப் பிராணிக்கு வயதாகும்போது பள்ளிப் படிப்பையே முடித்திருக்கலாம். அதுவரை தினமும் தீனி வைக்க யாராவது வேண்டும் அல்லவா?

பிள்ளைகளுக்கு அதன் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்பது புரிகிறது. பயந்தாலும் பெரும்பாலும் கடிக்காது. உறைந்து நிற்கும், இல்லாவிட்டால் ஓடி ஒளியும். வளர்ந்ததும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும் என்பதால் பிள்ளையின் மடியில் அடங்கும். ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற செல்லப்பிராணி பகலெல்லாம் தூங்கி இரவில்தான் ஓடியாடும். கினிப்பன்றி அப்படி இல்லை, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அதுவும் பல முறை விழித்திருக்கும். காலையிலும் மாலையிலும் அதன் சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டும்! தீனிப் பையின் சலசலப்பைக் கேட்டாலே "வீக், வீக்" என்று உரக்கக் கூப்பிடும். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே துள்ளிக் குதிக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளாக வீட்டோடு வளர்த்துவந்த பிராணி இது, அதனால் மனிதர்களோடு பழகுவது அதன் இயல்பிலேயே இருக்கிறது.

பள்ளியில் இருப்பவளாக நான் மிகவும் மதிக்கும் நன்மை வேறு. இந்தப் பிராணி அவசரப்படுபவர்களிடம் வராது. கத்தினால் ஒளிந்துகொள்ளும், துரத்தினால் நடுங்கும். தரையில் அமைதியாக உட்கார்ந்து, கையில் ஒரு கீரைத்தண்டோடு காத்திருக்கும் பிள்ளையிடம்தான் மெல்ல மெல்ல வரும். பொறுமையாக இரு என்று நாம் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, இதில் தானாக ஏறும்.

சரி, இனி சிரமங்கள். முதலாவது, ஒன்றை மட்டும் வாங்க முடியாது. கூட்டமாக வாழும் பிராணி. தனியாக விட்டால் ஏங்கிப்போகும். நாம் எவ்வளவு கொஞ்சினாலும் அதன் இனத்துத் துணைக்கு ஈடாகாது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் துணையில்லாமல் வளர்ப்பது சட்டப்படியே கூடாது. ஆகவே இரண்டு வாங்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக வாங்கிவிட்டால் கதை வேறு மாதிரிப் போகும். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குட்டிகள் வரும், ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி கருத்தரிக்கக்கூடும். ஆண் குட்டிகளை மூன்று வாரத்திலேயே பிரித்து வைக்க வேண்டியிருக்கும். ஏழு மாத வயதுக்குள் குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடுவதால், அதன் பிறகு வரும் முதல் பிரசவம் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு பெண்களாக வாங்குவது நல்லது. இளம் வயதிலேயே ஒன்றாக வளர்ந்த இரண்டு ஆண்களும் ஒத்துப்போகலாம், ஆனால் சண்டை வந்தால் பிரித்து வைக்க இடம் வேண்டும்.

இடம் என்றதும் சொல்லிவிடுகிறேன்: இரண்டுக்கும் சேர்த்துக் குறைந்தது நாலடி நீளம், இரண்டடி அகலம் வேண்டும். கடைகளில் விற்கும் சின்னக் கூண்டுகள் பலவும் போதாது. கம்பி வலைத் தரை கூடவே கூடாது, பாதம் புண்ணாகிவிடும். ஈரமான இடங்களைத் தினமும் எடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு முறையாவது விரிப்பை முழுவதும் மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் மூத்திரத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்பி அதன் மூச்சுக்குழாயைக் கெடுக்கும்.

சாப்பாட்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்க்க நார் நிறைந்த காய்ந்த புல் எந்த நேரமும் முன்னால் இருக்க வேண்டும். வைக்கோல் போதாது, சத்துள்ள புல்லை வெட்டி உலர்த்தியதாக இருக்க வேண்டும். அன்றாடத் தீனியில் பெரும்பங்கு அதுதான். பெல்லட் என்று கடையில் விற்கும் உருண்டைத் தீனி கொஞ்சம் போதும்.

அப்புறம் வைட்டமின் சி. பெரும்பாலான பாலூட்டிகள் இதைத் தம் உடலிலேயே செய்துகொள்ளும். நம்மால் முடியாது, கினிப்பன்றியாலும் முடியாது. ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வரும். மூட்டு வீங்கும், ஈறில் இரத்தம் கசியும், நடக்க முடியாமல் சுருண்டு படுத்துவிடும். குடைமிளகாயும் கொத்தமல்லித் தழையும் நல்லவை. பெல்லட்டில் வைட்டமின் சி சேர்த்திருந்தாலும் நாள்பட்ட பையில் அது குறைந்துபோயிருக்கும். தண்ணீரில் கலந்து வைத்தாலும் சீக்கிரம் சிதைந்துவிடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, வெண்ணெய்ப்பழம் இவற்றைக் கொடுக்கவே கூடாது.

நோய் வந்தால் என்ன செய்வது என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். வேட்டையாடப்படும் பிராணி என்பதால் நோயை வெளியில் காட்டாமல் மறைத்துக்கொள்ளும். நமக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். அரை நாள் எதையும் தின்னாமல் இருந்தாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. எல்லாக் கால்நடை மருத்துவர்களுக்கும் இதில் பழக்கம் இருக்காது. வீட்டிலிருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற நினைப்பு ரொம்ப ஆபத்து. நமக்குச் சாதாரணமாகத் தரும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் இதன் குடலிலிருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே எடுத்துவிடும். வெயிலும் ஆகாது. 18 முதல் 24 டிகிரி செல்சியஸ்தான் இதற்குச் சுகம். 30-ஐ நெருங்கினால் வெப்ப மயக்கம் வந்து இறந்துபோகலாம். வெப்பத்தைக் குறைக்க வழியில்லாத வீட்டில் தயவுசெய்து வளர்க்காதீர்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கான எச்சரிக்கையும் உண்டு. ஆஸ்துமா இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். அதன் உமிழ்நீரும் மூத்திரமும் முடியில் ஒட்டியிருப்பதால் சிலருக்கு ஒவ்வாமை வரும், காய்ந்த புல்லின் தூசியும் சேர்ந்துகொள்ளும். படர்தாமரை அதனிடமிருந்து தொற்றலாம். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் நின்றுகொண்டு தூக்கவே கூடாது. கை நழுவி விழுந்தால் அதன் எலும்பு முறிந்துவிடும். தரையில் உட்கார்ந்து, ஒரு கை மார்பிலும் ஒரு கை பின்பக்கத்திலும் தாங்கிப் பிடிக்கட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வகுப்பறை யோசனைக்கு வருகிறேன். ஆசிரியர்களோடு பேசியபின், வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். முப்பது பிள்ளைகளின் சத்தத்தில் அது நாள் முழுவதும் ஒளிந்துதான் இருக்கும். விடுமுறையில் யார் வீட்டுக்கு எடுத்துப்போவது என்று ஒவ்வொரு முறையும் கூண்டோடு இடம் மாற்றுவது அதற்கு வேதனை. ஒவ்வாமையுள்ள பிள்ளைகளும் அதே அறையில்தான் உட்கார வேண்டும். பிள்ளைகள் ஏமாற்றம் அடைவார்கள், எனக்கும் வருத்தம்தான். காரணத்தை வகுப்பாசிரியர்கள் அவர்களிடம் பொறுமையாக விளக்குவார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் வளர்க்க விரும்பினால், மனமார வரவேற்கிறேன். விற்பவரிடம் வாங்குவதற்கு முன், கைவிடப்பட்ட பிராணிகளைக் காக்கும் அமைப்புகளில் விசாரியுங்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்களில் யாருக்காவது இனி முடியாது என்று தோன்றினால், வெளியில் விட்டுவிடாதீர்கள். நாய்க்கோ பூனைக்கோ இரையாகிவிடும். அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வளர்க்க விரும்பும் மற்ற பெற்றோருக்கு அந்தச் செய்தியை நாங்கள் சேர்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்