இன்றே இரண்டாகப் பிரித்துவிடு

திருப்பூர்

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா?

பாப்பாவுக்கு ஹாம்ஸ்டர் எலி வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் மற்ற சேதியெல்லாம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒன்று இரண்டரை வருசம் இருந்தது. அதன் ஆயுசே இரண்டு, மூன்று வருசம்தான். பாப்பாவிடம் இதைப் பக்குவமாக இப்போதே சொல்லி வை.

பொன்னிறம், பெரிய வகை, கடையில் ஜோடியாகக் கொடுத்தார்கள் என்கிறாய். அது சிரியன் வகை. இரண்டையும் இன்றே தனித்தனியாக விடு. துணையில்லாமல் பாவம் என்று தங்கச்சி சொல்லும். ஆனால் அது வளைக்குள் ஒண்டியாக வாழ்கிற பிராணி. குட்டியில் ஒட்டிக்கொண்டு தூங்கும். வளர்ந்ததும் சாகிற அளவுக்குக் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணுமாக இருந்துவிட்டால் 16 நாளில் குட்டி வேறு.

கூண்டுக்குள் பரப்புவதில் நான் செய்த தப்பை நீ செய்துவிடாதே. துணிக்கா நம்ம ஊரில் பஞ்சம் என்று பனியன் வேஸ்ட்டைக் கை நிறைய அள்ளிப் போட்டேன். அதுவும் ஆசையாக இழுத்துக் கூடு கட்டியது. மூன்றாம் நாள் ராத்திரி பார்த்தால் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறது. ஒற்றை நூல், தலைமுடி கனம்தான் இருக்கும், கணுக்காலைச் சுற்றி இறுக்கிப் பாதம் கருநீலமாக வீங்கியிருந்தது. வீட்டுக்காரி துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நூல் வெட்டுகிற கத்தரியின் முனையைத் தோலுக்கும் நூலுக்கும் நடுவே விட்டு வெட்டினேன். கால் பிழைத்தது. என் கைநடுக்கம் நிற்கத்தான் நேரமாயிற்று. பஞ்சும் அப்படித்தான், காலில் சுற்றும், விழுங்கினால் குடலை அடைக்கும். மரக்கடைத் தூளும் வேண்டாம், அந்தத் தூசி மூச்சுக்கு ஆகாது. அச்சில்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒரு சாண் உயரத்துக்குப் போடு. அதில் வளை பறித்து உள்ளே போய்ப் படுத்தால்தான் அதற்கு நிம்மதி.

சக்கரம் கம்பி கம்பியாக இருந்தால் மாற்றிவிடு, கால் சிக்கும். முதுகு வளையாமல் ஓட 28 சென்டிமீட்டர் விட்டமாவது வேண்டும்.

பொள்ளாச்சியில் உனக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. இருந்தாலும் பங்குனி, சித்திரையில் கவனம். 20 முதல் 24 டிகிரி வரைதான் அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டினால் துவண்டுபோகும். அதற்கு வேர்க்காது. தகர ஷீட் போட்ட மாடி அறை வேண்டவே வேண்டாம். கீழே, வெயில் படாத மூலையில் வை. உள்ளே ஒரு கடப்பாக்கல் துண்டு போட்டால் வயிறு பதியப் படுத்துக்கொள்ளும். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டை ஒட்டி வெளியே சாய்த்து வை. சூடாக இருக்கிறதே என்று குளிப்பாட்டிவிடாதீர்கள். கிண்ணத்தில் சுத்தமான மணல் வைத்தால் போதும், தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும்.

கடைத் தீனியோடு கொஞ்சம் தினை, கம்பு, ஒரு துண்டு வெள்ளரி கொடு. ஆரஞ்சு, வெங்காயம், பூண்டு கூடாது. கன்னப் பையில் அடைத்துக்கொண்டுபோய் மூலையில் குவித்துவைக்கும். தட்டு காலியென்று மறுபடி போடாதே. கழிந்து வால்பக்கம் ஈரமாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோ, இரண்டு நாளில் உயிரே போய்விடும்.

பகலில் தூங்குகிறதைப் பாப்பா எழுப்பினால் கடிக்கும். விளக்கு வைத்த பிறகு அதுவே எழுந்து மீசையை ஆட்டிக்கொண்டு வரும். அப்போது தரையில் உட்கார்ந்து மடியில் விட்டுக்கொள்ளட்டும். நின்றபடி தூக்க வேண்டாம், விழுந்தால் எலும்பு முறியும்.

எங்கள் பழைய கூண்டு பரணில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கழுவி எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை ஒன்றைப் பெரிய பிளாஸ்டிக் டப்பில் விட்டு, மேலே கம்பிவலை கட்டி வை.

அன்புடன்,
உன் மாப்ளை