மூன்று ஆற்று ஊரில் வீடு தேடும் படலம்

அன்புள்ள சுப்பையா,

திட்டாதே. தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் கை வந்தது. அத்தையின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ராசையா இன்னும் அதே ஸ்கூட்டரில்தான் அலைகிறானா? ஹெட்லைட்டை விசாரித்தேன் என்று சொல்.

இங்கே வீடு மாற வேண்டும். வீட்டுக்காரரின் மகன் குடிவரப்போகிறானாம். அதனால் லட்சுமியும் நானும் இந்த ஜெர்மன் ஊரான பாஸாவைத் தெருத்தெருவாக அளந்துகொண்டிருக்கிறோம். இந்த ஊரில் வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீரிலிருந்து எத்தனை அடி உயரம் என்பதுதான்.

மேற்கிலிருந்து டான்யூப், தெற்கிலிருந்து இன், வடக்கிலிருந்து இல்ஸ் என்று மூன்றும் இங்கே கூடுகின்றன. நம் சீவலப்பேரி முக்கூடலுக்கு அண்ணன். டான்யூபுக்கும் இன்னுக்கும் நடுவே நாக்குப் போல் நீளும் நிலம்தான் ஆல்ட்ஷ்டாட், பழைய ஊர். அதன் மேட்டில் ஸ்டீபன் பேராலயம், உள்ளே 17,974 குழல்கள் கொண்ட ஆர்கன் வாத்தியம். பிஷப்புகளுக்கு எங்கே கட்ட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது! சந்துகள் எல்லாம் அங்கிருந்து ஆற்றுக்குத்தான் இறங்குகின்றன.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சிரிக்காதே. ஆல்ப்ஸ் பனியைக் கரைத்துப் பால் கலந்த பச்சையாக வருகிற இன், சராசரியில் டான்யூபைவிடக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. காட்டுச் சதுப்பிலிருந்து வரும் இல்ஸ் கறுப்பு. சேர்ந்த பிறகும் மூன்று நிறமும் வெகுதூரம் தனித்தனியாகத் தெரியும். டான்யூப் ஆழம், இன் ஆழமில்லாதது. அதனால் பச்சைத் தண்ணீர் டான்யூபின் மேலேயே ஏறி ஓடுகிறது. ஆனாலும் கருங்கடல் வரை பெயர் டான்யூப்! கிட்டு கணக்குப் போட்டுக் கொடுத்து, மார்க் மட்டும் வேறு ஒருவன் வாங்கினானே, அதே கதை.

லட்சுமிக்குப் பிடித்தது இன்ஷ்டாட். இன்னின் தென்கரை, கொஞ்சம் நடந்தால் ஆஸ்திரியா. ரோமானியர் காலத்தில் அந்தக் கரை நோரிக்கம், இந்தக் கரை ரேஷியா. ஆறுதான் மாகாண எல்லை. அக்கரைக்கு நடந்து போக ஃபூன்ஃபர்ல்ஷ்டேக் என்று ஒரு பாலம் உண்டு. ஒரு காலத்தில் கடக்க 5 ஃபென்னிக் (பழைய ஜெர்மன் சில்லறைக் காசு) வாங்குவார்களாம். ஃபூன்ஃபர்ல் என்றால் அந்த ஐந்து காசு, பெயரே அதனால்தான். மேலே மரியாஹில்ஃப் கோயில், 321 படி. படியேறினால் என் தொப்பை குறையும் என்பது அவள் வாதம்.

நான் அவளை நகர மன்றக் கோபுரத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளம் ஏறிய உயரங்களைச் சுவரில் வருடத்தோடு குறித்திருக்கிறார்கள். ஜூன் 2013-ல் டான்யூப் 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு அவ்வளவு வந்ததில்லை. குடிதண்ணீரையே நிறுத்தவேண்டி வந்தது. பல்கலைக்கழகத்து மாணவர்கள்தான் மண்வெட்டியோடு இறங்கிச் சேற்றை அள்ளினார்கள். அண்ணாந்து பார்த்தோம். அந்தக் கோடு எங்கள் தலைக்கு எங்கேயோ மேலே இருந்தது. லட்சுமி அப்புறம் படிக்கட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

அங்கே நின்றபோது உன் நினைப்புதான் வந்தது. டிசம்பர் 2023-ல் தாமிரபரணி உங்கள் தெருவுக்குள் புகுந்தபோது உன் போனே கிடைக்கவில்லை. பிறகு பேசியபோதும் "ஒண்ணுமில்லலே, தரை நனைஞ்சுது" என்று முடித்துவிட்டாய். அலமாரி, அப்பாவின் புத்தகங்கள், அத்தையின் சேலைப்பெட்டி எல்லாம் போனதை ராசையா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. என்னிடம்கூடவா மறைக்க வேண்டும்?

இப்போது இரண்டு வீடுகள் கையில் இருக்கின்றன. ஒன்று இல்ஸ்ஷ்டாட்டில், இல்ஸ் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தரைத்தளம், வாடகை குறைவு, ஜன்னலைத் திறந்தால் ஆறு. இன்னொன்று அதற்கு மேலே ஏறினால் கிரூப்வேக்கில். காற்றும் பேருந்தும்தான் உண்டு, ஆறு கண்ணில் படாது. என் மனம் எங்கே போகிறது என்று உனக்குத் தெரியும், ஆற்றங்கரையில் வளர்ந்த புத்தி. நீயோ அத்தனைக்கும் பிறகு அதே வீட்டில்தான் இருக்கிறாய். ஏன் போகவில்லை என்று சமாளிக்காமல் சொல். அதைக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கட்டப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பத்து மணிக்குக் கூப்பிடு, அங்கே மதியம் இரண்டரை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடாதே.

உன்
செல்வம்