நகர்நலச் சங்கச் செயலாளராகிவிட்ட நண்பனுக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் நகர்நலச் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராக்கிவிட்டார்கள் என்று படித்துக் காட்டியதும், "பாவம், இனி அவருக்குத் தூக்கம் போயிற்று" என்றாள் என் மனைவி. அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் பூட்டு உடைந்த தெருவில், பொறுப்பேற்றாலும் ஏற்காவிட்டாலும் தூக்கம் போயிருக்கும். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் பகுதியில் என்ன செய்தோம், எது உதவியது என்று கேட்டிருந்தாய்.

எங்கள் பக்கம் திருட்டு கூடியதற்குத் தங்கத்தின் விலையை முதலில் சொல்வேன். 2025 தொடக்கத்தில் சவரன் 57,000 ரூபாய் அளவில் இருந்தது. அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஐந்து சவரன் தாலிச் சங்கிலியோடு விடியற்காலையில் கோலம் போட வருகிற பெண், அந்த விலைக்கே நாலரை லட்சம் ரூபாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் குனிந்து நிற்கிறாள் என்பதை நாம் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை; மோட்டார் சைக்கிளில் வருகிறவன் போட்டுப் பார்க்கிறான்.

நாங்களும் உங்களைப் போலவே வீட்டுக்கு வீடு வசூல் செய்து கேமராக்களைத்தான் முதலில் பொருத்தினோம். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2025 மார்ச் 25 காலையில் சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர், கிண்டி, சைதாப்பேட்டை என்று அடுத்தடுத்துச் சங்கிலி பறித்தவர்களில் இருவரை அன்றே விமான நிலையத்தில் பிடிக்க முடிந்ததில் கேமராக் காட்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அத்தனை கேமராக்கள் இருந்த நகரில்தான் அத்தனை சங்கிலிகளும் பறிபோயின. எங்கள் மூலைக் கம்பத்துக் கேமராவுக்கு நேரே ஒரு வேப்பங்கிளை மழைக்காலத்தில் தழைத்துவிட்டது. திருட்டு நடந்த இரவின் பதிவைப் போட்டுப் பார்த்தால் முழுக்க இலைதான் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டுக்காரர் ஊரிலிருந்து திரும்பிப் புகார் கொடுப்பதற்குள் பழைய பதிவு தானாகவே அழிந்துவிட்டது. ஆகவே கேமரா வாங்கும் பணத்தைவிட, மாதந்தோறும் அதைத் துடைத்து, பதிவைச் சரிபார்க்கும் ஆளுக்கான பணத்தை முதலில் ஒதுக்கு.

எங்கள் பகுதியில் பூட்டு உடைத்துப் பிடிபட்டவர்களில் ஒருவனைக் காவலர்கள் அவன் திருடிய வீட்டுக்கே அழைத்து வந்தபோது நானும் வாசலில் நின்றிருந்தேன். இந்த வீட்டை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டதற்கு, வாசல் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது என்றான். ஆள் இருப்பதாகக் காட்டுவதற்காக அந்தக் குடும்பம் போட்டுவிட்டுப் போன விளக்கு அது! கேட்டில் தொங்கும் பையில் சேர்ந்துபோன பால் பாக்கெட்டுகள், எடுக்கப்படாத நாளிதழ், பெருக்காத வாசல் இவற்றையெல்லாம் அவர்கள் நம் ஜோசியரைவிட நன்றாகப் படிக்கிறார்கள். அதன் பிறகு, வெளியூர் போகிறவர்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பதோடு, பக்கத்து வீட்டில் ஒரு சாவியையும் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் இரண்டு வாசல்களுக்குச் சேர்த்தே தண்ணீர் தெளித்துவிடுகிறார். ரோந்து வருகிறவர்களுக்கும் எந்த வீடு பூட்டியிருக்கிறது என்று தெரிவதால் அங்கே ஒரு நிமிடம் நின்று பார்க்கிறார்கள்.

உங்கள் கூட்டத்தில் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிப் பேச்சு எழுந்ததாக எழுதியிருந்தாய். இங்கும் எழுந்தது, கட்டட வேலைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ஆதார் நகல் வாங்கிச் சங்கத்தில் வைப்போம் என்று தீர்மானமே கொண்டுவந்தார்கள். பிறருடைய ஆவணங்களைப் பறித்து வைத்துக்கொள்ள நாம் யார் என்று நான் எதிர்த்தேன். பூட்டு உடைத்த மூவரும் பிடிபட்டபோது, அடுத்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்று தெரிந்தது. நாம் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் அடைந்துகிடக்கும் இரவு நேரத்தில், வேலை முடிந்து முக்குக் கடையில் டீ குடித்தபடி தெருவில் நிற்பவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான். அவர்களையும் விரட்டிவிட்டால் தெரு இன்னும் வெறிச்சோடித்தான் போகும்.

நீ உறுதியாக நிற்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இங்கே பறிகொடுத்த ஒருவரிடம் காவல் நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்து, "பார்க்கிறோம், போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பறித்துச் செல்வது தனிக் குற்றமாகவே 304-ஆம் பிரிவில் இருக்கிறது. அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தரவேண்டும். சங்கத்தின் சார்பில் இருவர் உடன் சென்று உட்கார்ந்ததும் அன்று மாலையே பதிவாயிற்று. குற்றம் கூடியதாகக் கணக்கில் தெரிந்துவிடும் என்று தயங்குகிறார்களோ என்னவோ. கணக்கில் வராத திருட்டுக்குக் கூடுதல் ரோந்து எப்படி வரும்? நகைகளின் ரசீதையும் எடையையும் புகைப்படத்தோடு பத்திரப்படுத்தச் சொல். உருக்கப்பட்ட தங்கம் மீட்கப்பட்டால் அதை நம்முடையது என்று நிறுவ வேறு வழி குறைவு.

மகளின் பிரசவத்துக்காக நீங்கள் இருவரும் பெங்களூர் போவதாக எழுதியிருந்தாய். நல்ல செய்தி. நகைகளை லாக்கரில் வைத்துவிட்டு, பால்காரருக்கும் பேப்பர் போடும் பையனுக்கும் சொல்லிவிட்டுப் புறப்படு. சங்க வேலையை யாரிடம் ஒப்படைத்துப் போகிறாய் என்று எழுது. எங்கள் இரவு ரோந்துப் பட்டியலின் நகலை அவருக்கே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
கோவிந்தராஜன்