அட்டையில் சுகப்பிரசவம் என்று இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வார மகளிர் இணைப்பில் ‘வலியில்லாப் பிரசவம்’ கட்டுரையைப் படித்தேன். முதுகுத்தண்டை ஒட்டிப் போடும் எபிடியூரல் ஊசி பற்றி நன்றாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் வலி போய்விட்டால் தாய்க்கு மனநிறைவு வந்துவிடும் என்பதாகக் கட்டுரை முடிகிறது. இரண்டு பிள்ளை பெற்றவள் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். தலைப்பிரசவத்துக்கு என்னைப் பாம்பன் பாலம் தாண்டிக் கூட்டிப்போனார்கள். அம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விடிய விடிய நோவு. அசையாமல் மல்லாந்து படுத்திருக்கச் சொன்னார்கள். தண்ணீர் கேட்டேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வலி தாங்காமல் கத்தியபோது, “நீ ஒருத்திதான் ஊரில் பிள்ளை பெறுகிறாயா?” என்று ஒரு குரல் அதட்டியது. பிள்ளை வரும் வழியைக் கத்தரித்ததையும் தையல் போட்டதையும்கூட யாரும் என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் உடம்பை அசைத்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அட்டையில் ‘சுகப்பிரசவம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வலி எப்படி இருந்தது என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குரலை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டாவது பிரசவம் வேறொரு மருத்துவமனையில். அங்கே அம்மாவை உள்ளே விட்டார்கள். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாறையில் கீறிக் கீறிக் காய்த்துப்போன கை அவருக்கு. ஒவ்வொரு நோவுக்கும் அந்த உள்ளங்கையை என் இடுப்புக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். செவிலியர் பரிசோதிக்கும் முன் என்னிடம் கேட்டார், பார்த்த பிறகு கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொன்னார். “முடிந்தால் எழுந்து நட” என்றார். அன்றும் வலிக்கு மருந்து எதுவும் இல்லை, பிள்ளையோ முதலாவதைவிடப் பெரியது. வலி குறைந்தது என்று சொன்னால் பொய்யாகும். ஆனாலும் அந்த இரவை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

அந்தத் தலைச்சன் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். அவள்தான் ஓர் ஆய்வைப் பற்றி எனக்குச் சொன்னாள். கனடாவின் எலன் ஹாட்னெட் 137 அறிக்கைகளைத் தொகுத்து 2002-இல் வெளியிட்டது அது. பிரசவத்தைப் பற்றிப் பெண்ணுக்கு ஏற்படும் நிறைவை நான்கு விஷயங்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன என்கிறார்: அவள் எதிர்பார்த்து வந்தது, கிடைத்த ஆதரவு, கவனித்துக்கொள்பவர்களோடு அமைந்த உறவு, முடிவுகளில் அவளுக்கு இருந்த பங்கு. வலியும் வலி நிவாரணமும் இவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றனவாம். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதைப் பிடித்துக்கொண்டு, ‘அப்படியானால் வலிக்கு மருந்தே வேண்டாம்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஏற்கெனவே எங்கள் வீட்டுப் பெரியவர்கள், “நாங்களெல்லாம் பெறவில்லையா?” என்று சொல்லித்தான் பெண்களின் வாயை அடைக்கிறார்கள். ஆரோக்கியமான கர்ப்பிணி வலி நிவாரணம் கேட்டால் எபிடியூரல் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்திருக்கிறது. அதற்கு மயக்க மருந்து மருத்துவர் வேண்டும், தொடர்ந்த கண்காணிப்பும் வேண்டும். தீவில் உள்ள சிறிய மருத்துவமனையில் நள்ளிரவில் இது எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ராமநாதபுரத்தில் 2022 முதல் மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் கடந்து அங்கே போகிற பெண், கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு போக வேண்டும். பிரிட்டனில், நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயுவைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வலி ஏறும்போது தாய் தானே அதை உள்ளிழுத்துக்கொள்கிறாள். இங்கும் அதைப் பரவலாக்க வேண்டும். ஏழாம் மாதச் சோதனையிலேயே கிராம சுகாதாரச் செவிலியர் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னால், நோவு கண்ட பிறகு விழிக்க வேண்டியிருக்காது.

துணைக்கு ஒருவரை உள்ளே விடுவதற்கு இவ்வளவு ஏற்பாடுகூடத் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் உடனிருக்க மத்திய அரசு 2016-லேயே அனுமதித்துவிட்டது. ‘பக்கத்துக் கட்டிலில் வேறு பெண்கள் இருக்கிறார்களே’ என்பதுதான் வாசலில் சொல்லப்படும் காரணம். கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை போட்டால் போதாதா? பாட்டி காலத்து மருத்துவச்சி பிள்ளை பிறக்கும்வரை பக்கத்தை விட்டு நகர மாட்டார். அன்று தாயையோ பிள்ளையையோ பறிகொடுத்த வீடுகள் ஏராளம், அந்தக் காலம் திரும்பவே வேண்டாம். அவர் கூடவே உட்கார்ந்திருந்ததை மட்டும் நாம் ஏன் விட்டுவிட்டோம்?

என் தம்பி மனைவிக்கு மாசியில் பேறுகாலம். தாயில்லாப் பெண் அவள். அம்மா பாசிக்குப் போவதை நிறுத்திவிட்டார், கையில் காய்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. “இந்தத் தடவை என்னை உள்ளே விடுவார்களா?” என்று இப்போதே என்னிடம் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.