தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கு

பாப்பாவுக்கு,

கார்ப்பெட் சுத்தம் செய்யும் உன் தொழிலுக்கு வாங்க நீ அனுப்பிய மூன்று மெஷின் படங்களையும் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள், அவளுக்கு அந்த நீலக் கலர்தான் பிடித்திருக்கிறதாம். ஃபோனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவாயில்லை" என்கிறாய், அந்தப் பரவாயில்லையை நான் நம்புவதாக இல்லை.

சுத்தம் செய்யும் மருந்தைத் தெளித்து, மெஷினால் தேய்த்து, காய்ந்தபின் வேக்குவத்தில் எடுக்கிற, தண்ணீர் குறைவாகச் செலவாகும் முறைக்கு மாறலாம் என்று நீ எடுத்த முடிவு சரி. வெந்நீரைப் பாய்ச்சி உறிஞ்சும் மெஷின் இனி உனக்கு வேண்டவே வேண்டாம். அதில் மெஷினின் எடை பாதித் தொல்லைதான். 40 லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றினால் அதில் பெரும்பகுதியை அழுக்குத் தண்ணீராகத் திரும்பச் சுமந்து கொட்ட வேண்டும், லிட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள், அப்புறம் அந்தக் குழாயை முன்னும் பின்னும் இழுத்தபடி மணிக்கணக்கில் குனிந்த வாக்கிலேயே நடக்க வேண்டும். முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கியவள் செய்கிற வேலையா அது?

இப்போது மெஷினுக்கு வருகிறேன். நீ எழுதியது எல்லாம் எது நன்றாகச் சுத்தம் செய்யும் என்பதைப் பற்றித்தான். மூன்றுமே சுத்தம் செய்யும். நல்ல மருந்தும் முதலில் ஒழுங்காக வேக்குவமும் போட்டால் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. வாழ்நாளெல்லாம் தரை மெஷின்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், கார்ப்பெட் மேல் ஒழுங்காக ஓடும்போது மெஷின் முதுகை அவ்வளவாக உடைப்பதில்லை. வேனிலிருந்து இறக்கும்போது, படியேற்றும்போது, டேங்க் நிரப்பும்போது, அடியில் தேய்க்கும் பேடை மாற்றும்போது, வேலை முடிந்து சோர்ந்த உடம்போடு திரும்ப வேனில் ஏற்றும்போது, அங்கேதான் பிடிக்கும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு அமைப்பு, எவ்வளவு எடை தூக்கலாம் என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. அதில் எல்லாமே சாதகமாக இருக்கும்போதுதான் உச்ச அளவு 23 கிலோ: சுமை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், தூக்கும் இடம் இடுப்பை ஒட்டிய உயரத்தில் இருக்க வேண்டும், உடம்பைத் திருப்பக் கூடாது, பிடி நன்றாக இருக்க வேண்டும். சுமை உடம்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அந்த 23 பாதியாகி 11.5 ஆகிவிடுகிறது. வேனின் பின்பக்கம் நின்று, பம்பர் முழங்காலில் இடிக்க, மெஷினை உள்ளே தள்ளுகிறாயே, அப்போது அது உன்னிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இதெல்லாம் நல்ல முதுகுக்காரர்களுக்குச் சொன்ன கணக்கு என்பதையும் மறந்துவிடாதே. உன்னுடைய அளவு என்ன என்பதை உன் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும், "கனமாகத் தூக்காதே" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால் விடாதே, கிலோவில் கேள்.

உன் படங்களில் முதலாவது, ஒற்றை வட்டத்தட்டு சுழலும் 17 அங்குல மெஷின், விலை குறைவு என்று எழுதியிருக்கிறாய். அதை விட்டுவிடு. நிமிடத்துக்கு 175 சுற்று போடும் அந்த வகை பெரும்பாலும் 40 கிலோவை ஒட்டி இருக்கும். பழகியவர் கைப்பிடியைச் சற்றே உயர்த்தி இறக்கி இடம் வலம் ஓட்டுவார், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பேடு ஒரு மடிப்பிலோ ஓரத்திலோ மாட்டியது என்றால் கயிற்றைத் திமிறும் கன்றுக்குட்டி மாதிரி பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுக்கும், நீ அனிச்சையாக இடுப்பைத் திருப்பி அதைப் பிடிப்பாய். குனிந்து திரும்புவதைத்தான் டாக்டர் கூடாது என்றார்.

இரண்டாவது, பேடு சுற்றாமல் சின்னச் சின்ன வட்டமாக அசைகிற வகை. பக்கவாட்டு இழுப்பு அனேகமாக இல்லை, ஒரு கையாலேயே நடத்தலாம். ஓட்டுவதற்கு இதைவிடச் சுகமான மெஷின் கிடையாது, கடைக்காரர் அதைத்தான் காட்டுவார். ஆனால் இவற்றில் பலவும் தன் எடையை வைத்தே பேடை அழுத்தித் தேய்க்கிறவை, அதனால் நல்ல மெஷின் என்றாலே கனமாக இருக்கும். கைப்பிடி கழலுமா, கூடுதல் எடைக்கட்டி தனியாக வருமா, கழற்றியபின் மிகக் கனமான துண்டு எத்தனை கிலோ என்று கேள். இரண்டு மூன்று துண்டாகப் பிரியுமானால் யோசிக்கலாம், பிரியாதென்றால் வேனில் உருட்டி ஏற்றச் சாய்வுப்பலகை இல்லாமல் அதை வாங்கவே கூடாது.

மூன்றாவது, இரண்டு உருளைப் பிரஷ்கள் எதிரெதிராகச் சுற்றுவது. எனக்குப் பிடித்தது இதுதான். நேராகப் போகும், நேராக வரும். பிரஷ்கள் படுத்துக்கிடக்கும் இழைகளை நிமிர்த்தி, வேக்குவத்தில் வராத முடியையும் தூசுப்பந்தையும் தட்டில் சேர்த்துவிடும். 10 அங்குல அகலத்தில் வரும் சின்ன மெஷின் பொதுவாக 15 கிலோவை ஒட்டி இருக்கும், 15, 17 அங்குலத்துக்குப் போனால் 20-ஐத் தாண்டிவிடும். சின்னது வாங்கினால் கூடுதல் நேரமாகுமே என்கிறாய். ஆகட்டும், நிமிர்ந்து நடக்கிற நேரம்தானே. ஒன்று மட்டும், சுருள் இழைக் கார்ப்பெட்டிலும் கம்பளியிலும் கடினமான பிரஷைப் போட்டால் பஞ்சு கிளம்பும், அதற்கு மென்மையான பிரஷ் கிடைக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்.

மெஷினிலேயே டேங்க் இருப்பது வசதி என்று நினைக்காதே. நிரம்பிய டேங்க் எடையைக் கூட்டும், மேலே தூக்கி ஊற்றவும் வேண்டும். மருந்து தெளிக்கச் சக்கரம் வைத்த பேட்டரி ஸ்பிரேயர் தனியாக வைத்துக்கொள், பாதி மட்டும் நிரப்பு. கையால் பம்ப் அடிப்பது மலிவுதான், ஒவ்வொரு அறைக்கும் குனிந்து அடிக்க வேண்டியிருக்குமே. வேக்குவத்திலும் முதுகில் மாட்டுகிற வகை வேண்டாம், நிமிர்ந்து நின்று தள்ளுவதாகப் பார். கார்ப்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மண்தான், ஆகவே இந்த முறையில் வேக்குவம்தான் பாதி வேலை, அதை ஏதோ ஒன்றாக வாங்கிவிடாதே.

மருந்தைச் சோதிப்பது சுலபம். இந்த முறையில் மருந்து அழுக்கைச் சுற்றிக்கொண்டு காய்ந்து நொறுங்கும் துகளாக வேண்டும், அப்போதுதான் அடுத்தடுத்த வேக்குவத்தில் அது வெளியே வரும். கலக்கிய மருந்தில் கொஞ்சம் ஒரு கண்ணாடித் தட்டில் ஊற்றி இரவு முழுக்கக் காயவிடு. காலையில் நகத்தால் சுரண்டு. செதில் செதிலாகப் பெயர்ந்தால் நல்லது. விரலில் பிசுபிசு என்று ஒட்டினால் அது கார்ப்பெட்டிலும் அப்படியேதான் ஒட்டி, நடக்கிற கால் தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும், வாடிக்கையாளர் ஒரு மாதத்தில் உன்னைத்தான் திட்டுவார்.

நாய், பூனை சிறுநீர் அடிவரை இறங்கிய கார்ப்பெட், வருஷக்கணக்கில் கவனிக்காமல் கறுத்தது, இவற்றுக்கு இந்த முறை போதாது, தண்ணீர் பாய்ச்சித்தான் எடுக்க வேண்டும். சில கார்ப்பெட் கம்பெனிகள் உத்தரவாதத்துக்கே வெந்நீர் முறையைக் கேட்கும். அந்த வேலைகளை வேறு ஆளிடம் கொடுத்துவிடு, வெட்கப்பட ஒன்றுமில்லை. மாதாமாதம் அலுவலகங்களைப் பராமரிக்கும் வேலைக்கு இது அருமையாகப் பொருந்தும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அந்த வேலைகளைப் பிடி.

கடைக்குப் போகும்போது மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ, ஆனால் மெஷினைத் தொடவிடாதே. "நான் ஏற்றித் தருகிறேன்" என்பார், நல்ல மனுஷன், ஆனால் தினமும் அவர் கூடவே வரப்போவதில்லை. நீயே வேனில் ஏற்று, நீயே இறக்கு. பிரஷைக் கழற்றி மாட்டிப் பார், அதற்குக் குனிய வேண்டுமா, இல்லை கைப்பிடியைத் தரையில் படுக்கவைத்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தே செய்ய முடியுமா என்று பார். கைப்பிடி உன் உயரத்துக்கு ஏறுமா? சுவிட்சை ஓடும் நேரமெல்லாம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமா? கூடுமானால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஒரு முழு வேலையைச் செய், மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறாய் என்பதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டு.

கால் மரத்துப்போவதோ பாதம் தளர்வதோ இருந்தால் மெஷின் பேச்சையே விட்டுவிட்டு அன்றே டாக்டரிடம் போ. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த வண்டியில் கிளம்பிவிடுவாள்.

மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் பெரும்பாலும் எடை போட்டிருக்கும். மூன்றின் தகட்டையும் படம் எடுத்து அனுப்பு, வேனின் பின்பக்க உயரத்தையும் அளந்து எழுது, அதைப் பார்த்துச் சாய்வுப்பலகை எவ்வளவு நீளம் வேண்டும் என்று சொல்கிறேன்.

அப்பா