இன்டர்நெட் வேகம்: லைனின் கடைக்கோடி வீட்டையும் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கேபிள் போட்டால் கட்டுப்படியாகாது என்று கம்பெனிகள் ஒதுக்கிவைத்த கிராமங்களுக்கு ப்ராட்பேண்ட் போய்ச் சேரத்தான் மானியம் தருகிறார்கள். அமெரிக்காவில் அந்தப் பணம் யூனிவர்சல் சர்வீஸ் ஃபண்டிலிருந்து வருகிறது, அதாவது ஜனங்கள் போன் பில்லோடு சேர்த்துக் கட்டும் காசு. சொன்ன வேகம் வீட்டுக்கு வருகிறதா என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

இதை அளக்க அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2018-ல் விதிகள் கொண்டுவந்தது. பெரும்பாலும் நல்ல விதிகள்தான். சாயங்காலம் 6 மணியிலிருந்து இரவு 12 மணி வரை, எல்லாரும் வீடு திரும்பி வீடியோவும் கேமும் ஓடுகிற நேரத்தில், மணிக்கு ஒரு தடவையாவது டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் அளக்க வேண்டும். ஒவ்வொரு காலாண்டிலும் ஒரு வாரம் முழுக்க. விடியற்காலை 3 மணிக்கு அளந்தால் எந்த லைனும் பாஸாகிவிடும் என்பது தெரிந்துதான் இப்படி வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாராவது அந்த நேரம் பெரிதாக ஏதாவது இறக்கிக்கொண்டிருந்தால் டெஸ்ட்டைத் தள்ளிப்போட்டு, ஒரு நிமிடம் கழித்து மறுபடி பார்க்கலாம். கம்பெனியின் சொந்த சர்வரோடு சோதனை முடிந்துவிடக் கூடாது, வெவ்வேறு நெட்வொர்க்குகள் சந்திக்கிற எக்ஸ்சேஞ்ச் வரை போயாக வேண்டும். எந்தெந்த வீடு என்பதும் கம்பெனியின் இஷ்டம் இல்லை.

ஆனால் கூட்டிக் கழிக்கிற இடத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள். எடுத்த அளவுகளில் 80 சதவீதம், சொன்ன வேகத்தில் 80 சதவீதத்தைத் தொட்டால் போதும் என்பது விதி. 10 எம்பிபிஎஸ் என்று ஒப்புக்கொண்டவர் 8 கொடுத்தால் சரி. அதைக்கூட விட்டுவிடலாம். ஒரு மாநிலத்தில் ஒரு வேகப் பிரிவுக்கு அதிகபட்சம் 50 வீட்டில் அளந்தால் போதும், அந்த 50 வீட்டு அளவுகளையும் ஒன்றாகப் போட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். வாரத்துக்கு 42 மணி நேரம், 50 வீடு, மொத்தம் 2,100 டவுன்லோடு டெஸ்ட். அதில் 420 தோற்கலாம். 420 என்பது 10 வீட்டின் ஒரு வாரக் கணக்கு முழுசும்! அந்த 10 வீட்டுக்கு வாரம் பூராவும் உருப்படியாக எதுவும் வராவிட்டாலும் ரிப்போர்ட்டில் தேர்ச்சிதான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. பழைய செம்பு போன் கம்பியில் வருகிற டிஎஸ்எல் இன்டர்நெட், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப் போக இளைத்துவிடும், அதனால் குறை எல்லா வீட்டுக்கும் மாறி மாறி வருவதில்லை, லைனின் கோடியில் இருக்கிற அதே வீடுகளுக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். மானியமே அப்படித் தூரத்தில் இருப்பவர்களுக்காகத்தானே கொடுத்தது? அந்த வீட்டுக்காரர் புகார் சொன்னால் "உங்க வைஃபை சரியில்லை, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். மோடம் பக்கத்திலேயே எடுத்த அளவு அவர் கையில் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

தவறினால் மானியத்தில் 25 சதவீதம் வரை நிறுத்திவைக்க விதியில் இடம் இருக்கிறது. ஆனால் மொத்தக் கணக்கில் தோற்றால்தான் அது பாயும். இதை வீட்டுவாரியாக மாற்ற வேண்டும். அளந்த ஒவ்வொரு வீடும் தனியாகத் தேற வேண்டும், தேறாத வீடு இருந்தால் அதே லைனில் பக்கத்து வீடுகளையும் அளந்து பார்க்க வேண்டும். அளவு எடுத்த வீட்டுக்காரருக்கு அவருடைய முடிவை அப்படியே அனுப்ப வேண்டும். அப்புறம், ஊர்வாரியாக முடிவுகளை வெளியிடும்போது சராசரி மட்டும் போட்டால் போதாது, அந்த ஊரிலேயே மோசமான அளவு என்ன என்பதையும் பக்கத்திலேயே போட வேண்டும். பொதுப்பணத்தில் ப்ராட்பேண்ட் போடுகிற எந்த நாடும் மானிய ஒப்பந்தத்திலேயே இதை எழுதி வாங்கிவிடலாம், பணம் கைமாறிய பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்